சுறாப்புட்டு கொடுக்கலாமா?

"பிள்ளை பெத்தவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கலாமா?" என்று எங்கள் கட்டுமாவடிப் பக்கம் கேட்டால் பாட்டிமார்கள் சிரிப்பார்கள். "இதென்ன கேள்வி! பால் ஊற வேறெதைக் கொடுக்கிறதாம்?" என்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டு மருமகள் போன மாதம், "சுறாவில் பாதரசம் இருக்காமே அக்கா? சாப்பிடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கிடைக்கவில்லை, சகோதரிகளே!

பாதரசம் விஷம். அதில் சந்தேகமே இல்லை. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக் கழிவு கடலில் கலந்து, அந்த மீனைத் தின்றவர்களுக்கு நரம்பு நோய் வந்தது 1956-ல் வெளியே தெரிந்தது. நன்றாக இருந்த தாய்மாருக்குக்கூட மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன.

சரி, ஆலைக் கழிவே இல்லாத கடலில்? சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, பாதரசம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே பல வருஷம் வாழ்ந்த பெரிய சுறாவில் அதிகம்; நெத்திலி, மத்தியில் ரொம்பக் குறைவு. எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும், வேகவைத்தாலும் போகாது.

இனிமேல்தான் வேடிக்கை. ஃபாரோ தீவுகளில் 1986-87-ல் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளை ஏழு வயதில் சோதித்தார்கள். கர்ப்பத்தில் அதிகப் பாதரசம் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஞாபகத்திலும் கவனத்திலும் லேசான குறை தெரிந்தது. செஷல்ஸ் தீவிலோ தாய்மார்கள் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிட்டும் பிள்ளைகளிடம் அப்படிக் குறை காணவில்லை!

யார் சொன்னது பொய்? இரண்டுமே பொய்யில்லை. ஃபாரோவில் பாதரசம் வந்தது பெரும்பாலும் திமிங்கில இறைச்சியிலிருந்து; அதில் வேறு நஞ்சுகளும் இருந்தன. செஷல்ஸில் தின்றது மீன்; அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு குழந்தையின் மூளைக்கு நல்லது. ஒரே தட்டில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வருகிறது, பார்த்தீர்களா?

ஆக, "சாப்பிடலாமா?" என்ற ஒரு கேள்விக்குள் நாலு கேள்வி ஒளிந்திருக்கிறது. எந்த மீன்? எவ்வளவு பெரிசு? எத்தனை நாளைக்கு ஒரு தரம்? சாப்பிடுவது யார்? இதையெல்லாம் கேட்காமல் பளிச்சென்று பதில் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அமெரிக்க அரசு 2004-ல் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கச் சொன்னது. கூடவே, பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்கு 340 கிராம் வரை சாப்பிடலாம் என்றும் சொன்னது. மீனே வேண்டாம் என்று சொல்லவில்லை!

பால் சுரப்பதற்கு முக்கியம், குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதும் தாய்க்கு வயிறார நல்ல சாப்பாடும்தான். ஆகவே மாசமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் சுறாவை மட்டும் ஒதுக்கி, நெத்திலிக் குழம்போ மத்தி வறுவலோ செய்து கொடுங்கள். தாய்க்கு மீன் நல்லது என்ற பாட்டியின் பேச்சும் வீண் போகாது.