சோற்றுத் தட்டுக்கு முன்னால் கஜா

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் பக்கத்தில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும்தான் இது. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. நம் வீடுகளை இன்னும் கடந்தபாடில்லை. பிள்ளை புதுச் சைக்கிள் கேட்டால் கஜா. பள்ளிக்கூடத்தில் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டால் கஜா. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் "தோப்பு மட்டும் நின்னிருந்தா…" என்று ஒருவர் ஆரம்பிப்பார், எதிர்வரிசையில் இருப்பவர் "எல்லாம் போச்சுண்ணே" என்று முடிப்பார். பக்கத்து இலையில் நம் பிள்ளை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கும். அது நமக்கு உறைப்பதே இல்லை.

போனது கொஞ்சமா என்று கேட்பீர்கள். கொஞ்சமில்லை. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷமாவது ஆகும். தாத்தா வைத்து, அப்பா தண்ணீர் பாய்ச்சி, நாம் காய் பறித்த மரங்கள் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. சாயாதவை நடுவில் முறிந்து நின்றன. மரத்துக்கு நிவாரணம் 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. காய்க்கிற மரத்தின் வருமானம் தெரிந்த யாருக்கும் அந்தத் தொகை வயிற்றெரிச்சலைத்தான் கொடுக்கும். அது போதாது என்று போடும் சண்டை நியாயமான சண்டை. அதை விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் போடுவோம், நானும் கூட வருகிறேன். மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளையிடம் போட்டு என்ன ஆகப்போகிறது?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. புயலடித்த வருஷம் பிறந்த பிள்ளைகளைச் சில வீடுகளில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "இவ பொறந்த நேரம், தோப்பே போச்சு." அப்பாயி விளையாட்டாகச் சொல்கிறாளாம். அம்மாவும் சிரிக்கிறாளாம். வங்காள விரிகுடாவில் ஒரு புயல் உருவானதற்கும் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? அதுவும், ஆண் பிள்ளையை இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பெண் பிள்ளை வளர்ந்து, ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால்கூட "என் ராசி அப்படி" என்று உட்கார்ந்துவிடும். அப்போது தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டுப் பிரயோசனமில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எல்லாம் நன்மைக்கே" என்று காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு அனுப்பும் கூட்டம். வீட்டில் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும், வட்டி ஏறிக்கொண்டிருக்கும். பிள்ளை கேட்டால் "ஒன்னுமில்ல, நீ போய்ப் படி" என்பார்கள். அம்மா கழுத்தில் கிடந்தது இப்போது இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியாதா? கஷ்டத்தை மறைப்பதும் கஷ்டத்தையே ஓதிக்கொண்டிருப்பதும் பிள்ளைக்கு ஒரே பயத்தைத்தான் கொடுக்கின்றன. உள்ளதைச் சொல்லுங்கள். இவ்வளவு கடன், இந்த அறுவடைக்கு இவ்வளவு அடைப்போம், சைக்கிள் அடுத்த தைக்கு. கணக்காகச் சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்ளும். புலம்பலாகச் சொல்வதைத்தான் தாங்குவதில்லை.

நாம் சொல்கிற கஜா கதை பாதிக் கதைதான். காற்று எப்படி ஊளையிட்டது, ஓடு எப்படிப் பறந்தது என்று அரைமணி நேரம் சொல்கிறோம். மறுநாளிலிருந்து நடந்ததை ஏன் விட்டுவிடுகிறோம்? ரோட்டில் விழுந்து கிடந்த மரத்தை யார் வந்து வெட்டித் தருவார்கள் என்று காத்திருக்காமல் அரிவாளோடு இறங்கியது நாம்தானே? கரண்டு இல்லாத அத்தனை நாளும் ஒரு ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய், மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினோமே? மேலத்தெருப் பெரியம்மா தன் தொட்டி நிரம்பியதும் "கைப்பிள்ளக்காரி வீட்டுக்கு மொதல்ல போங்கப்பா" என்று வண்டியைத் திருப்பிவிட்டது பிள்ளைகளுக்குத் தெரியுமா? சம்பா நட்ட வயலில் முழங்கால் சேற்றில், மின்கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போன லைன்மேன்கள் வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு எந்தத் திண்ணையில் இலை போட்டோம் என்று சொன்னோமா? மறு வருஷம், 2019இல், பேராவூரணிப் பெரியகுளத்தை ஊர் இளைஞர்களே பணம் திரட்டித் தூர்வாரினார்கள். அடிவாங்கின ஊர்தான் அதைச் செய்தது. அந்தக் கரையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அதைவிட்டு, "இந்த ஊர்ல என்ன இருக்கு, படிச்சுட்டு சிங்கப்பூர் ஓடிப்போ" என்கிறோம். போகட்டும், தப்பில்லை. நம் ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பயந்து ஓடுகிறவனாக அனுப்பாதீர்கள். வேலை போனாலும் வியாபாரம் நொடித்தாலும் அங்கேயும் அடுத்த நாள் எழுந்துதான் ஆக வேண்டும்.

புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகளில் எத்தனையோ இன்று பாளை விட்டு நிற்கின்றன. அதைப் பார்க்கும்போதும் "பழைய மரம் மாதிரி வருமா" என்கிறீர்கள். வராமல் என்ன? மட்கிக் கிடக்கும் பழைய தூர்களையும் எருக்குழியையும் சுத்தம் செய்யாமல் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டை வளர்த்துக்கொண்டிருந்தால் வராதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டுத் தோப்புக்குக் கூட்டிப்போங்கள். வண்டைப் பிடிக்க ஒரு மண்பானையில் ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்து, வாய் தரைமட்டத்துக்கு இருக்கும்படி பதித்துவையுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடச் சொல்லிக்கொடுங்கள். கை எட்டுகிற சின்ன மரங்களில் பிள்ளையே போடட்டும். பானையில் எத்தனை வண்டு விழுந்தது என்று எண்ணுவதும் நோட்டில் எழுதுவதும் அதன் வேலை. ராத்திரிச் சாப்பாட்டில் அந்தக் கணக்கைக் கேளுங்கள். குறைந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், கூடியிருந்தால் இன்னொரு பானை வையுங்கள்.