நூறு வயதுப் புராணம்

பெரிய காஞ்சீபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் சென்ற தை மாதம் நடந்த சஷ்டியப்தபூர்த்தி விருந்தில், பந்தியில் எனக்கு அடுத்த இலையில் அமர்ந்திருந்த கனவான் ஒருவர், எதிர் வரிசையில் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஓர் இளந்தாயைப் பார்த்து, "குழந்தைக்கு இந்த ஊசியெல்லாம் எதற்கம்மா? நம் முன்னோர் ஊசி போட்டுக்கொண்டா நூறு வயது வாழ்ந்தார்கள்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்து, இரத்த அழுத்தத்துக்கு ஒன்றும் சர்க்கரைக்கு ஒன்றுமாக மாத்திரைகளை வாயில் இட்டு, வெந்நீர் குடித்து, முன்னோர் பெருமையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பந்தியே தலையாட்டியது. அந்தப் பெண்ணும் தலையாட்டினாள் என்பதுதான் எனக்கு அன்று பாயசத்தைக் கசக்கச் செய்தது.

இந்தப் புராணம் ஒலிக்காத இடம் இப்போது ஊரில் இல்லை. கோயில் மதிலோரம், பட்டுக்கடைத் திண்ணை, செக்கெண்ணெய்க் கடை, விடிந்ததும் கைபேசியில் வந்து விழும் வணக்கச் செய்தி, எங்கும் இதே பாராயணம். முன்னோர் கேழ்வரகுக் கூழ் குடித்தார்களாம். கிணற்று நீர் பருகினார்களாம். வைத்தியனை அறியாமலே சதம் கண்டார்களாம். வரதராஜர் கோயில் இட்லியைக்கூட விட்டுவைக்கவில்லை. அதில் சேரும் மிளகும் சீரகமும் சுக்கும் ஆயுள்விருத்திக்காகவே சேர்ந்தவையாம். அந்த இட்லி மிக ருசியானது என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ருசியான பதார்த்தத்தின் தலையில் அமரத்துவத்தையும் சுமத்த வேண்டுமா என்பதே கேள்வி.

எங்கள் ஊரில் இந்த வாதத்துக்குக் கைவசம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. "மகா பெரியவரைப் பாருங்கள்!" என்பார்கள். வாஸ்தவம். சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் 1894 மே 20 அன்று அவதரித்து, 1994 ஜனவரி 8 அன்று, நூறு நிரம்ப ஐந்து மாதங்கூட மீதமில்லாத நிலையில் சித்தியடைந்தார். ஆனால், திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சுவாமிநாதன் என்ற சிறுவர், பதின்மூன்றாவது பிராயம் நடந்துகொண்டிருக்கையில், 1907 பிப்ரவரி 13 அன்று ஏன் அவ்வளவு அவசரமாகப் பீடம் ஏற நேரிட்டது என்று அந்தப் பக்தர்கள் ஒருவராவது விசாரித்ததுண்டா? ஆர்க்காட்டுப் பக்கத்துக் கலவையில், அறுபத்தாறாவது பீடாதிபதி வைசூரி கண்டு மறைந்தார். அவருக்குப் பின் அமர்ந்த அறுபத்தேழாவது பீடாதிபதி, சிறுவருடைய தாயின் சகோதரிக்கு ஒரே மகனாகப் பிறந்த இளைஞர், பீடத்தில் ஒரு வாரம் அளவே இருந்து, ஜுரம் கண்டு அவரும் மறைந்தார். அதே மடம், அதே அனுஷ்டானம், அதே பிக்ஷை, அதே தண்ணீர். இருவரை அந்தச் சில நாட்களுக்குள் நோய் கொண்டுபோயிற்று, மூன்றாமவர் தொண்ணூற்றொன்பது வயது வரை இருந்தார். ஆகாரமே ஆயுளைத் தீர்மானிக்கிறதென்றால் கலவைக்குக் கணக்கு என்ன? நூறை நெருங்கியவரின் படத்தை மாட்டி மாலை போடுகிறோமே, அந்த இருவரும் முன்னோர் அல்லவா?

அத்தி வரதர் விஷயத்துக்கு வாருங்கள். 1937, 1979, 2019 என்று ஏறக்குறைய நாற்பதாண்டுக்கு ஒரு முறை திருக்குளத்தை விட்டு எழுந்தருளும் அந்தப் பெருமாளை இரண்டாம் முறை தரிசிக்கக் கிடைத்தவரைப் பாக்கியசாலி என்று ஊரே கொண்டாடுகிறது. நூறு வயது சர்வசாதாரணமாக இருந்திருந்தால் ஊரில் எல்லாருமே இரண்டு முறை பார்த்திருக்க வேண்டும். பிறகு அதில் பாக்கியம் எங்கிருந்து வந்தது? நாங்கள் அன்று உண்ட விருந்துதான் எதற்காக? நூறு ஆண்டு வாழ்கிற ஜாதிக்கு அறுபது நடுவயதுக்குச் சற்று மேல். நடுவயதைத் தாண்டியதற்காக யாராவது கும்பம் வைத்து, ஹோமம் வளர்த்து, மறுபடியும் தாலி கட்டுவார்களா? அறுபதைக் காண்பதே அபூர்வமாக இருந்த ஒரு காலம் ஏற்படுத்திய சடங்கில் அமர்ந்து, ஜாங்கிரியைக் கடித்துக்கொண்டே, அந்தக் காலத்தில் எல்லாரும் நூறு என்கிறோம்.

1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 20. சுதந்திரம் வந்தபோது சுமார் 32. இன்று ஏறக்குறைய 70. இதைச் சொன்னால், குழந்தைகளின் சாவைச் சேர்த்ததால் சராசரி குறைந்துவிட்டது என்று ஒரு சமாதானம் உடனே வரும். குழந்தைகள் செத்ததைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நம் முன்னோர் ஆரோக்கியமாகவே இருந்தார்களாம்! தாத்தா தொண்ணூறு வரை திடமாக இருந்தார் என்று பூரிக்கிற வீடுகளில், அவர் மூன்று கல்யாணம் செய்துகொள்ள நேர்ந்த காரணத்தைக் கேட்டுப் பாருங்கள். முதலாமவள் முதல் பிரசவத்தில், இரண்டாமவள் மூன்றாவது பிரசவத்தில். கூழும் கிணற்று நீரும் அவர்களுக்கும் கிடைத்தவைதாம். கூடத்துச் சுவரில் அவர்களுக்குப் படமில்லை. ஆகையால் அவர்கள் சாகவும் இல்லை. யானைக்காலுக்கு இந்த ஊர் ஒரு காலத்தில் எவ்வளவு பெயர் வாங்கியிருந்தது என்பதையும் இந்த ஞாபகசக்தி சௌகரியமாக விழுங்கிவிட்டது.

தறியும் தப்பவில்லை. "குழித்தறி மிதிப்பதே தேகப்பயிற்சி, அதனால்தான் அந்தக் காலத்து நெசவாளிக்கு நோயில்லை" என்கிறவர் பெரும்பாலும் கல்லாவில் அமர்ந்திருப்பவர், தறிக்குழியில் ஒருநாளும் கால் வைக்காதவர். பகலெல்லாம் குனிந்து, மங்கிய வெளிச்சத்தில் ஜரிகை இழையை எண்ணி, புட்டா போட்டு, நாற்பது வயதுக்குள் இடுப்பையும் கண்ணையும் பறிகொடுத்தவனுக்கு அந்தப் பயிற்சியின் மகிமை தெரியும். அவன் முன்பணக் கடன் தீர்வதற்குள் அவன் பிள்ளை தறியில் உட்கார்ந்தானே, அதுவும் ஆரோக்கியத்துக்காகத்தானோ? நெசவாளியின் பாட்டன் வேறு கதியில்லாமல் உண்ட வரகும் சாமையும் இன்று பளபளக்கும் பையில் ஏறி, ரேஷன் அரிசி வாங்குகிற அந்தப் பேரனின் கைக்கெட்டாத விலையில் பாரம்பரியம் என்று விற்கிறது. இந்த ஊரின் நெசவுக் குடும்பமொன்றில் 1909இல் பிறந்த அண்ணாவுக்கு மாநிலத்தின் முதல் மந்திரி பதவி கிடைத்தது, நியூயார்க்கில் சத்திர சிகிச்சை கிடைத்தது. ஆயினும் 1969 பிப்ரவரி 3 அன்று, அறுபது நிரம்பாமலே, புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. காரப்பேட்டையில் அவர் பெயர் தாங்கி நிற்கும் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே காத்திருப்பவர்களிடம் நூறு வயதுப் பிரசங்கத்தைச் செய்யத் துணிவார் உண்டா?

வைசூரி வேப்பிலைக்கு அஞ்சி ஓடவில்லை. வீடு வீடாகப் போய், கதவைச் சாத்திக்கொண்டவர்களிடம் மன்றாடி, அம்மை குத்திய சுகாதார ஊழியர்களால் அது ஒழிந்தது. இந்தியாவில் 1975க்குப் பின் எவருக்கும் அது தொற்றவில்லை; 1977இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. கலவையில் ஒரு பீடாதிபதியைக் கொண்டுபோன நோய் இன்று எந்தப் பரதேசியையும் தீண்டுவதில்லை. இந்தச் சாதனை எந்த முன்னோர் பெருமையிலும் இடம்பெறுவதில்லை. அதைச் செய்தவர்களோ நமக்கு மிக அண்மையிலிருந்த முன்னோர்.

அன்று தலையாட்டிய அந்தப் பெண்ணுக்கும் அவளைப்போல் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது இவ்வளவே, அம்மா: மாத்திரை டப்பாவை வைத்துக்கொண்டு ஊசி வேண்டாமென்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். தட்டம்மைக்கு முதல் ஊசி குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும், இரண்டாவது ஊசி பதினாறு மாதத்துக்கும் இருபத்துநான்கு மாதத்துக்கும் இடையிலும் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் போடுகிறார்கள், காசு வாங்குவதில்லை.