பிணவறை வாசலில் பேரமா? நஷ்டஈடு பிச்சையல்ல, உரிமை!

மில்லில் பெல்ட்டில் சிக்கி ஒரு தொழிலாளி மாண்டால், வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்த கூலியாள் சுருண்டு விழுந்து செத்தால், அந்தக் குடும்பத்தைத் தேடி முதலில் வருவது யார்? விபத்துக்குக் காரணம் விசாரிக்க அதிகாரி வருகிறாரா? இல்லை! கையில் ஒரு கவரோடு முதலாளியின் ஆள் வருகிறான்.

“விதி முடிந்துவிட்டது, என்ன செய்வது? ஐயா பெரிய மனது பண்ணி இருபத்தையாயிரம் கொடுத்திருக்கிறார். இந்தக் காகிதத்தில் கைநாட்டு வை” என்கிறான். பிரேதம் இன்னும் பிணவறையில் கிடக்கிறது. தாலியறுத்தவள் எழுத்தைப் படிக்கும் நிலையிலா இருக்கிறாள்? அந்த நேரம் பார்த்துத்தான் பேரம் நடக்கிறது!

விதியாம்! சுழலும் பெல்ட்டுக்குத் தடுப்புப் போடாதது யார் விதி? விஷ மருந்தைக் கையில் கொடுத்து, முகமூடியும் கையுறையும் கொடுக்காதது யார் விதி? எந்திரத்துக்கு வேலி போடு என்று 1948-ஆம் ஆண்டு பாக்டரிச் சட்டமே கட்டளையிட்டது. போட்டால் செலவு; போடாவிட்டால் லாபம். அந்த லாபத்தின் கணக்கைத்தான் விதி என்று நம் தலையில் எழுதுகிறார்கள்.

கைநாட்டு வைத்தாலும் செல்லாது!

தோழர்களே! நம் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி இது. வேலையின்போது வேலை காரணமாக நேர்ந்த சாவுக்கும் ஊனத்துக்கும் முதலாளி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்ற சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது தனிச் சட்டமாக இல்லை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஓர் அத்தியாயமாகிவிட்டது. கமிஷனர் என்ற பெயர் போய், தகுதியுள்ள அதிகாரி என்ற பெயர் வந்திருக்கிறது. பலகை மாறினாலும் அடிப்படை உரிமை மாறவில்லை.

அந்த உரிமை என்ன சொல்கிறது? செத்தவனுக்குரிய நஷ்டஈட்டை முதலாளி அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகத் திணித்த பணம் நஷ்டஈடே ஆகாது! மூன்று மாதக் கூலி வரை முன்பணமாகக் கொடுக்கலாம். அதை மட்டும் அதிகாரி கழித்துக்கொள்வார். “இனி எதுவும் கேட்க மாட்டேன்” என்று எழுதி வாங்கிய காகிதம் வெறும் காகிதம். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது. ஏமாந்து கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று எந்தத் தாயும் மனைவியும் வீட்டுக்குள் முடங்க வேண்டியதில்லை!

இருபத்தையாயிரமா, பதினைந்து லட்சமா?

கணக்கைப் பாருங்கள். செத்தவரின் மாதக் கூலியில் பாதியை, அவர் வயதுக்குச் சட்டம் வகுத்த எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98; 40 வயதுக்கு 184.17. கூலி 15,000 ரூபாய் என்றால் பாதி 7,500. முப்பது வயதுக்காரர் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய்! நாற்பது வயதுக்காரர் குடும்பத்துக்கு 13,81,275 ரூபாய்! இதை அமுக்கத்தான் அந்தக் கவர்!

இதிலும் ஒரு வஞ்சகம் உண்டு. கூலி எவ்வளவு இருந்தாலும் ஒரு வரம்புக்கு மேல் கணக்கில் சேராது. 2010-இல் 8,000 ரூபாய் என்று வைத்த வரம்பை 2020 ஜனவரியில்தான் 15,000 ஆக்கினார்கள். பத்து வருஷம் அரிசி விலை ஏறியது, பருப்பு விலை ஏறியது, தொழிலாளி உயிரின் விலை மட்டும் ஏறவில்லை!

மூன்று பொய்கள்

“அவன் குடித்திருந்தான், அஜாக்கிரதையாக இருந்தான்” என்பது முதல் பொய்ச் சாக்கு. சாவு நேர்ந்தாலோ, நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலோ இந்தச் சாக்கைச் சொல்லி முதலாளி தப்ப முடியாது.

“அவன் எங்கள் ஆளல்ல, கண்டிராக்டர் ஆள்” என்பது இரண்டாவது. தன் தொழிலுக்கான வேலையைக் கண்டிராக்டரிடம் விட்டாலும் பொறுப்பு முதலாளியுடையதே. கொடுத்துவிட்டு அவர் கண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்!

“இதெல்லாம் பாக்டரிக்குத்தான், காட்டு வேலைக்கு இல்லை” என்பது மூன்றாவது. டிராக்டர் முதலான எந்திர விவசாயம், பூச்சிமருந்து அடித்தல், பனை சீவுதல், மரம் வெட்டுதல், கிணறு தோண்டுதல் எல்லாம் சட்டத்தின் பட்டியலில் உண்டு. விவசாயத் தொழிலாளர்களே, மிராசுதார் சொல்வதை நம்பாதீர்கள்!

தூசியும் ஒரு கொலைகாரன்

உடல் நசுங்கினால்தான் விபத்தா? பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, வார லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் நுழைந்ததும் நெஞ்சடைக்கும் நோயைக் ‘குளிர்காய்ச்சல், பீடிப் பழக்கம்’ என்று தட்டிக்கழிக்கிறார்கள். பஞ்சுத் தூசி நோயும், கல்தூசியால் வரும் சிலிகோசிஸும், பூச்சிமருந்து விஷமும் சட்டம் ஒப்புக்கொண்ட தொழில் நோய்கள். டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, வேலை பார்த்த வருஷங்களுக்கான அத்தாட்சி ஒன்றையும் தூக்கிப்போடாதீர்கள்.

இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த மில் தொழிலாளிக்கு வழி வேறு. அங்கே ஒட்டுமொத்த நஷ்டஈடு கிடையாது. வேலையால் இறந்தவரின் குடும்பத்துக்குக் கூலியில் 90 சதவீத அளவு மாதந்தோறும் சார்ந்தோர் உதவியாக வரும். எந்த வழி நமக்கு என்று முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

போலீசில் புகார் பதிவாக வேண்டும். நகல் வாங்க வேண்டும். பிரேதப் பரிசோதனை இல்லாமல் எரிக்கவோ புதைக்கவோ சம்மதிக்கக் கூடாது. வயதுக்கும் கூலிக்கும் அத்தாட்சி, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று சேர்க்க வேண்டும். கூலிச்சீட்டே கொடுக்காத முதலாளி என்றால், கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். நாளைக்கு நமக்கு இல்லையா இந்த நிலை?

இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். பிள்ளை வெளியூர் மில்லில் செத்தான் என்று அங்கே அலைய வேண்டியதில்லை. குடும்பம் வசிக்கும் பகுதியின் அதிகாரியிடமே போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லையா? பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகியே ஆஜராகி வாதாடலாம். விபத்து நடந்த நாளிலிருந்தே நஷ்டஈடு கொடுக்கும் கடமை ஏற்பட்டுவிடுகிறது என்று 1975-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தால் வட்டி; தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் நஷ்டஈட்டில் பாதி வரை அபராதம்.

பணம் வந்துவிட்டால் செத்தவன் திரும்புவானா? மாட்டான். ஆனால் உயிர் மலிவாக இருக்கும்வரை தடுப்பு வேலி முதலாளிக்கு வீண் செலவாகவே தோன்றும். ஒவ்வொரு சாவுக்கும் சட்டப்படியான முழுத் தொகையையும் கறந்தால்தான் வேலிச் செலவு மலிவு என்று அவருக்குப் புரியும். ஒரு விதவை கொடுக்கும் மனு, இன்னும் உயிரோடு அந்த மெஷினில் நிற்பவனையும் காக்கிறது.

ஆகவே, கவரோடு வருகிறவனிடம் குடும்பத்தைத் தனியே விடாதீர்கள். துக்க வீட்டுக்குச் சங்கம் அன்றே போகட்டும்! கைநாட்டு வைக்காதே, மனுப் போடு! பிச்சை வேண்டாம், பாக்கியைக் கட்டு!