டனலை அளக்கலாம், திறக்கக் கூடாது

விபிஎன் டனல்களின் செயல்திறன் கண்காணிப்பு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

கிளை அலுவலகங்களையும் வீட்டிலிருந்து வேலை செய்வோரையும் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன் டனல்களை நிறுவிப் பராமரிக்கும் பொறியாளர்கள் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. இந்த டனல்கள் எப்படி ஓடுகின்றன என்பதை எவ்வாறு கண்காணிப்பது, அந்தக் கண்காணிப்பு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற கேள்விகளில் எங்கள் நிலைப்பாடு இது: ஒவ்வொரு டனலையும் அதன் இரு முனைகளிலிருந்தும் இடைவிடாமல் அளக்க வேண்டும். அளப்பதற்காக என்று சொல்லிக் குறியாக்கத்தை நடுவழியில் அவிழ்க்கக் கூடாது. அளந்து கிடைத்த கணக்கை ஊழியரின் மீது திருப்பக் கூடாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னையிலும் கோவையிலும் ஆயிரக்கணக்கான அலுவலக வேலைகள் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் வந்தன. சில நூறு பேருக்காகப் போட்ட விபிஎன் கருவிகளில் மொத்த நிறுவனமும் ஏறிக்கொண்டது. அந்த அவசரத்தில் டனல் இணைந்தால் போதும் என்று இருந்ததில் தவறில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் பல இடங்களில் கண்காணிப்பு என்பது திரையில் எரியும் ஒரு பச்சை விளக்கோடு முடிந்துவிடுகிறது. அதைத்தான் நாங்கள் ஏற்கவில்லை.

பச்சை விளக்கு சொல்வது மிகக் கொஞ்சம். ஐபிசெக் என்ற முறையில் அமைந்த டனலில் இரு முனைகளும் சாவி பேசிக்கொள்வது யுடிபி 500 என்ற போர்ட்டில். தரவு போவது வேறு வழியில், இஎஸ்பி என்ற தனி நெறிமுறையில். அதன் எண் 50. இடையில் உள்ள ஒரு ஃபயர்வால் முதலாவதை அனுமதித்து இரண்டாவதைத் தடுத்தால், சாவிப் பேச்சு ஒழுங்காக நடக்கும், எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்ற சோதனையும் தேறும், திரை பச்சையாகவே இருக்கும். ஒரு பைட்கூடக் கிளைக்குப் போய்ச் சேராது. வயர்கார்டு என்ற மற்றொரு டனல் முறையில் சிக்கல் வேறு மாதிரி. அனுப்ப எதுவும் இல்லாதபோது அது பேசாமல் இருக்கும்படியே வடிவமைக்கப்பட்டது. போக்குவரத்து இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சாவியைப் புதுப்பிக்கும், இல்லையென்றால் மௌனம். கடைசியாகக் கைகுலுக்கி, அதாவது சாவி புதுப்பித்து, எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டும் வைத்து எச்சரிக்கை மணி அடிக்கும் அமைப்பு, தூங்கும் டனலைச் செத்த டனல் என்று சொல்லும்.

எங்களிடம் வரும் புகார்களில் அதிகம் திசைதிருப்பும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிளையிலிருந்து பிங் அடித்தால் பதில் வருகிறது. உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது. கடவுச்சொல் போட்டதும் திரை வெள்ளையாக நிற்கிறது, அல்லது கோப்பு இறங்கத் தொடங்கி அங்கேயே உறைகிறது. "நெட் இருக்கு சார், சாஃப்ட்வேர்தான் பிரச்சனை" என்று இணைப்புத் தருபவர் சொல்வார். சாஃப்ட்வேர் எழுதியவர் நெட்டைக் குறை சொல்வார். இருவர் சொல்வதற்கும் ஆதாரம் இருப்பதுபோலத் தெரியும்.

நடப்பது இதுதான். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். பிபிபிஓஈ முறையில் வரும் பிராட்பேண்டில் அது 1492. டனல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலுறை போடுகிறது. ஐபிசெக்கில் குறியாக்க முறையைப் பொறுத்து ஏறத்தாழ 50 முதல் 80 பைட், வயர்கார்டில் ஐபிவி4 மீது 60, ஐபிவி6 மீது 80. முழு அளவுப் பாக்கெட் மேலுறையோடு சேர்ந்து வழியில் கொள்ளாமல் போகிறது. அப்படிக் கொள்ளாதபோது, "இது பெரியது, சிறிதாக்கி அனுப்பு" என்று இடையிலுள்ள ரவுட்டர் ஐசிஎம்பி செய்தி அனுப்ப வேண்டும். 1990 முதல் இதற்கு எழுதப்பட்ட நெறி இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் யாரோ ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைத்திருப்பார்கள். செய்தி வராது. அனுப்பும் கணினி அதே பெரிய பாக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். லினக்ஸில் சாதாரண பிங் 84 பைட் மட்டுமே என்பதால் அது எப்போதும் தேறிவிடும்.

பாக்கெட்டை வழியில் துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு, டனலின் முழு அளவுக்கு ஒரு பிங் அனுப்பினால் சில நொடிகளில் உண்மை தெரிந்துவிடும். டனலின் அளவு 1420 என்றால் உள்ளே வைக்க வேண்டியது 1392 பைட். இந்த ஒரு சோதனை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடினால், இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று குறை சொல்லிக் கழிக்கும் நாட்கள் மிச்சமாகும். எங்கள் கோரிக்கைகளில் செலவே இல்லாதது இது.

சராசரிக் கணக்குகளையும் நாங்கள் நம்பச் சொல்வதில்லை. ஐந்து நிமிடச் சராசரியில் மூன்று நொடித் துண்டிப்பு ஒரு சதவீதம். வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது. நொடிக்கு 50 பாக்கெட் போகும் தொலைபேசி உரையாடலில் அந்த மூன்று நொடி என்பது 150 பாக்கெட். பேசிக்கொண்டிருந்தவர் ஒரு வாக்கியம் முழுவதையும் இழந்திருப்பார். சாவி புதுப்பிக்கும் நேரத்தில் இப்படித் தடுமாறும் டனல்கள் உண்டு. மணிக்கு ஒருமுறை சரியாகக் குரல் அறுபடுகிறது என்று ஊழியர் சொன்னால், மணிக்கு ஒருமுறை என்ற அந்தச் சொல்லிலேயே துப்பு இருக்கிறது.

செயலியின் சராசரியும் அப்படியே. பல கருவிகளில் ஒரு ஐபிசெக் இணைப்பின் முழுச் சுமையும் செயலியின் ஒரே கோர் மீது விழுகிறது. எட்டுக் கோர் கொண்ட கருவியில் ஒன்று மூச்சுமுட்டி நிற்க, மொத்தச் சராசரி 12 சதவீதம் என்று காட்டும். கோர் வாரியாகப் பார்க்காத கண்காணிப்பு, கருவி சும்மா இருக்கிறது என்றே அறிக்கை கொடுக்கும்.

பழைய பாக்கெட்டை மீண்டும் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க ஐபிசெக்கில் ஒரு சாளரம் உண்டு. வழக்கமான அகலம் 64 பாக்கெட். நொடிக்கு ஒரு ஜிகாபிட் ஓடும் டனலில் 64 முழு அளவுப் பாக்கெட்டுகள் ஒரு மில்லிசெகண்டுக்குள் கடந்துவிடும். குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் ரவுட்டர் மற்றவற்றை அதைவிடச் சற்று அதிகம் காக்க வைத்தாலே, நல்ல பாக்கெட்டுகள் திருட்டுப் பாக்கெட்டுகளாகக் கருதப்பட்டுத் தூக்கியெறியப்படும். இந்த இழப்பை லினக்ஸ் கெர்னல் தனியே எண்ணி வைக்கிறது. அந்த எண்ணை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்படி அளப்பது என்பதில் எங்கள் பரிந்துரை எளியது. ஒரே இரு முனைகளுக்கிடையில் டனலுக்குள்ளே ஒரு சோதனையும் வெளியே ஒரு சோதனையும் ஒரே நேரத்தில் ஓடட்டும். இரண்டும் மோசம் என்றால் இணைப்பில் கோளாறு. வெளியே நன்றாக இருந்து உள்ளே மட்டும் மோசம் என்றால் டனலில் கோளாறு. இதற்கென 2008இல் வந்த டிவாம்ப் என்ற திறந்த நெறிமுறை இருக்கிறது. ஐபிசெக்கின் சாவியிலிருந்தே அதற்கும் பாதுகாப்புச் சாவி பெறும் முறை 2015இல் தரமாக வெளியானது. பாதுகாப்பும் அளவீடும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இது போதுமான சான்று. செலவு உண்டு, மறைக்கவில்லை: நொடிக்குப் பத்து 100 பைட் பாக்கெட் என்றால் ஒரு திசையில் மாதம் ஏறத்தாழ 2.6 ஜிபி. 4ஜி சிம்மில் ஓடும் சிறு கிளைக்கு அது பாரம். அங்கே நொடிக்கு ஒன்று போதும்.

இனி, எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி. உள்ளே என்ன போகிறது என்று பார்த்தால்தான் ஏன் மெதுவாகப் போகிறது என்று சொல்ல முடியும் என்று விற்பனையாளர்கள் வருகிறார்கள். இந்த வாதம் புதிதல்ல. இணைய உரையாடல்களைக் குறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.3 பதிப்பு உருவானபோது, நடுவில் அமர்ந்து அவிழ்த்துப் பார்க்க உதவும் பழைய சாவி முறையை விட்டுவைக்கும்படி நிதித் துறையிலிருந்து கோரிக்கை எழுந்தது. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அதை ஏற்கவில்லை. 2018இல் அந்த முறை இல்லாமலேயே தரம் வெளியானது. அனைவரையும் ஒட்டுமொத்தமாகக் கண்காணிப்பது ஒரு தாக்குதல் என்று அதே ஐஇடிஎஃப் 2014இலேயே எழுதி வைத்தது. 2021இல் வந்த க்விக் நெறிமுறையில், தாமதத்தை வெளியிலிருந்து அளக்க உதவும் ஒற்றை பிட்டைச் சேர்க்கவே நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் அது விருப்பத் தேர்வாக மட்டும் நுழைந்தது. அதைப் பயன்படுத்துபவர்களும் பதினாறில் ஒரு பங்கு இணைப்பிலாவது அணைத்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு பிட்டுக்கே இத்தனை கவனம் என்னும்போது, செயல்திறன் என்ற காரணம் காட்டி மொத்த உரையாடலையும் திறந்து வைப்பதை நாங்கள் எப்படி ஆதரிக்க முடியும்? தாக்குதல்காரர்களைத் தேடுவது வேறு பணி. அதற்கு வேறு அனுமதி, வேறு பொறுப்பாளர், வேறு பதிவேடு வேண்டும்.

ஊழியர் விஷயத்தில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் டனலில் பைட் ஓடவில்லை, எனவே இவர் வேலை செய்யவில்லை என்று எழுதும் அறிக்கை தொழில்நுட்ப ரீதியாகவே பொய். ஆவணம் படிப்பவர், யோசித்துக்கொண்டிருப்பவர், தன் கைபேசியில் வாடிக்கையாளரோடு பேசுபவர் யாரும் டனலில் பைட் அனுப்புவதில்லை. எதிர்முனையின் ஐபி முகவரி ஊழியர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன நாட்டில், பிணைய அறையில் கிடைத்த எண் மனிதவளத் துறையின் மேசைக்குப் போகக் கூடாது. எங்கள் உறுப்பினர்கள் அப்படிப்பட்ட அறிக்கை தயாரித்துத் தர மாட்டார்கள். மாறாக, தன் டனலின் தாமதமும் இழப்பும் எவ்வளவு என்பதை அந்த ஊழியரே தன் திரையில் பார்க்க முடிய வேண்டும்.

2022 ஏப்ரல் 28இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் நாட்டுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. அது சட்டம், பின்பற்றுகிறோம். ஆனால் தாமதம், இழப்பு, பாக்கெட் அளவு ஆகியவற்றைக் குறிக்க யாருடைய பெயரும் தேவையில்லை. அந்தக் கணக்கைப் பயனர் பதிவுகளோடு ஒரே கிடங்கில் கொட்டி வைப்பதை எதிர்க்கிறோம்.

நிறுவனத் தலைமைகளுக்கும், அரசுத் துறைகளில் டெண்டர் எழுதுவோருக்கும் எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த விபிஎன் ஒப்பந்தத்தில் "99.9 சதவீத நேரம் டனல் இயங்க வேண்டும்" என்ற வரியோடு நிறுத்தாதீர்கள். முழு அளவுப் பாக்கெட் தேற வேண்டும் என்றும், இழப்பையும் தாமதத்தையும் நொடி அளவில் இரு முனையிலிருந்தும் தர வேண்டும் என்றும், நடுவழியில் குறியாக்கத்தை அவிழ்க்கும் கருவி எதுவும் இருக்கக் கூடாது என்றும், இந்தக் கணக்கு ஊழியர் மதிப்பீட்டுக்குப் பயன்படாது என்றும் சேர்த்து எழுதுங்கள். அந்த வரிகளை எழுதித் தர எங்கள் உறுப்பினர்கள் கட்டணமின்றி உதவுவார்கள்.