மாலை நாலு மணிக்குப் பிறகு: திருவள்ளூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பூந்தமல்லியிலிருந்து திருவேற்காடு, ஆவடி வழியாகத் திருநின்றவூர் வரை உள்ள ஊர்களுக்குக் குழந்தைகள் இல்லங்கள் புதியவை அல்ல. 1983-இல் எஸ். வித்யாகர் தொடங்கிய 'உதவும் கரங்கள்' திருவேற்காட்டில் சாந்திவனம் வளாகத்தை நடத்திவருகிறது. 1988-இல் வி. முரளிதரன் தொடங்கிய 'சேவாலயா' திருநின்றவூரை அடுத்த கசுவா கிராமத்தில் இல்லமும் இலவசப் பள்ளியும் நடத்துகிறது. இவை ஊரறிந்த பெயர்கள். இவை தவிர, தெருமுனைப் பெயர்ப்பலகையைத் தாண்டி யாருக்கும் அதிகம் தெரியாத சிறிய இல்லங்களும் இந்த வட்டாரத்தில் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு அப்படிப்பட்ட ஓர் இல்லத்தின் வாசலில் கார் வந்து நிற்கும். டிக்கியிலிருந்து பிரியாணி அண்டா இறங்கும், கூடவே கேக் பெட்டி. பிள்ளைகள் தலைவாரி, வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வந்த வீட்டுக் குழந்தை கேக் வெட்ட, அதன் பெயரை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்ட ஐம்பது குரல்கள் வாழ்த்துப் பாடும். அலுவலக அறையில் ஒரு கரும்பலகை தொங்கும். அந்த மாதத்துத் தேதிகள் ஒவ்வொன்றுக்கும் நேரே அன்றைய சாப்பாட்டைக் கொடுப்பவரின் பெயர், பக்கத்தில் 'பிறந்தநாள்', 'திருமண நாள்', 'அப்பா நினைவு நாள்' என்று ஒரு குறிப்பு. ஞாயிறுகள் எல்லாம் நிரம்பியிருக்கும். மாத நடுவில் வரும் செவ்வாயும் புதனும் காலியாகக் கிடக்கும். கொடுக்கிற கைகள் நல்ல கைகள்; அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பலகையில் எழுதப்படாத ஒரு செலவு இருக்கிறது. அந்தப் பிள்ளை தன் தாயோடு சொந்த வீட்டில் இருப்பதற்கு ஆகும் செலவு அது. இந்த மடல் அதைப் பற்றியது.

இல்லத்துப் பிள்ளை என்றால் அப்பா அம்மா இல்லாத பிள்ளை என்றே ஊர் நினைக்கிறது. மத்திய மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நாடு முழுவதும் இல்லங்களைக் கணக்கெடுத்து 2018-இல் வெளியிட்ட அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. கணக்கில் வந்த இல்லங்கள் 9,589. மாநிலவாரியாகப் பார்த்தால் அதிக இல்லங்கள் தமிழ்நாட்டில்தான். கணக்கில் வந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெற்றோர் இருவரையும் இழந்தவர்களைவிட, தாயோ தந்தையோ ஒருவர் இருக்கும் பிள்ளைகளே அதிகம். பல நேரம் அந்த ஒருவர் தாய். கணவன் இறந்திருப்பான், அல்லது குடியில் விழுந்திருப்பான், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் போயிருப்பான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை நிறுவனத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய கடைசி நடவடிக்கை என்கிறது. குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பைக் குடும்பத்திடம் வைக்கிறது. பராமரிப்பு தேவைப்படும் குழந்தை குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட வேண்டும். விடுதி என்ற பெயரில் நடப்பவற்றுக்குத் தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்டு 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் நலக் குழுவின் செயல்பாட்டையும் கண்காணிக்கும் பொறுப்பை ஆட்சியரிடமே கொடுத்தன. தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்திலிருந்து ஆட்சியருக்கு வந்தது. இம்மடல் வேறு எந்த அலுவலகத்துக்கும் போகாமல் ஆட்சியருக்கு வருவதற்குக் காரணம் இதுதான்.

தாய் இருக்கும்போது பிள்ளை ஏன் இல்லத்துக்குப் போகிறது? சோற்றுக்கு இல்லாமல் என்பது பழைய பதில். 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவும் அந்தப் பதிலைப் பெரிதும் மாற்றிவிட்டன. ரேஷன் அரிசி வீட்டில் இருக்கிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு தாயின் நாளைப் பார்த்தால் காரணம் தெரியும். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறாள். பிள்ளை பள்ளியில் சாப்பிடுகிறது, படிக்கிறது. நாலு மணிக்குப் பள்ளி விடுகிறது. ஓவர்டைம் முடித்து, பஸ் பிடித்து, அவள் திருமுல்லைவாயலிலோ பட்டாபிராமிலோ உள்ள ஒற்றை அறை வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி எட்டு. இடையில் நாலு மணி நேரம். பக்கத்து போர்ஷனில் யார் யாரோ வந்து போகிறார்கள். மகளுக்குப் பத்து வயது நெருங்கும்போது தாய்க்குப் பயம் பிடிக்கிறது. வேலை இடத்தில் யாரோ சொல்கிறார்கள், 'நல்ல இடம், சுற்றுச்சுவர் இருக்கு, கேட்டைப் பூட்டிடுவாங்க.' அவள் பிள்ளையை அனுப்புவது அந்தப் பூட்டுக்காக.

இந்த நாலு மணி நேரத்துக்கு அரசிடம் முழு ஏற்பாடு இல்லை. அங்கன்வாடி அதற்கு முன்பே மூடிவிடுகிறது. 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். அதன் நோக்கம் விடுபட்ட பாடத்தைப் பிடிப்பது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை அல்ல. ஆவடி மாநகராட்சியிலும், பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சிகளிலும் பள்ளிக் கட்டிடங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றை எட்டு மணி வரை திறந்துவைத்து, சுண்டலோ பாலோ கொடுத்து, தெரு அறிந்த இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்துவதற்குப் புதுக் கட்டிடம் எதுவும் தேவைப்படாது.

அடுத்தது பணம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குடும்பத்திலேயே வளரும் நலிந்த குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. 96,000 என்றால் மாதம் 8,000. தொழிற்பேட்டைத் தாய் ஒருத்தி விடுப்பெடுக்காமல் உழைத்தாலே இந்த வரம்பைத் தாண்டிவிடுவாள். வீட்டு வாடகை, கரண்ட் பில், பஸ் செலவு எதையும் இந்த வரம்பு கழித்துப் பார்ப்பதில்லை. உழைத்தால் உதவி போய்விடும், உழைக்காவிட்டால் வீடு போய்விடும் என்ற நிலையில் அவளை வைப்பது நியாயம் இல்லை. வரம்பை மாற்றுவது ஆட்சியர் கையில் இல்லை; ஆனால் புறநகரின் வாடகையையும் கூலியையும் எழுதி மேலே பரிந்துரை அனுப்ப முடியும். 2025 செப்டம்பர் 15 அன்று மாநில அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. முதல் திட்டத்தில் இடம் கிடைக்காத தாயை இரண்டாவது திட்டத்துக்கு அழைத்துப் போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளம்தான் கொடையாளர் யாருக்கும் தோன்றாத செலவு.

இந்த அனுபவம் நமக்கு மட்டும் உரியதல்ல. எய்ட்ஸ் ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறைப் பெற்றோரைக் கொண்டுபோனபோது, வெளிநாட்டுக் கொடையாளர்களின் பணத்தில் அங்கே இல்லங்கள் முளைத்தன. ஐ.நா. குழந்தைகள் நிதியம் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையையும் 'அநாதை' என்றே கணக்கிட்டது. அந்த எண்ணைப் படித்த வெளிநாட்டார் அத்தனை பிள்ளைகளும் யாருமற்றவர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாயிடமோ, பாட்டியிடமோ, சித்தி வீட்டிலோதான் வளர்ந்தார்கள். நாலைந்து பேரப்பிள்ளைகளை ஒரே குடிசையில் வைத்து வளர்த்த அந்தப் பாட்டிகளுக்கு யாரும் கட்டிடம் கட்டித் தரவில்லை; கட்டித் தந்தாலும் அவர்களுக்கு அது பயன்பட்டிருக்காது. அவர்களுக்கு வேண்டியிருந்தது மாதாமாதம் கையில் கொஞ்சம் பணம்.

தென்னாப்பிரிக்கா 1998-இல் குழந்தை ஆதரவு உதவித்தொகையைத் தொடங்கியது. பெற்றவர் யார் என்று பார்க்காமல், பிள்ளையை அன்றாடம் வளர்ப்பவர் கையில் அது போகிறது, பாட்டியும் வாங்கலாம். முதலில் ஏழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது, பிறகு 18 வயது வரை நீண்டது. இன்று 1 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. கென்யா 2004-இல் சுமார் 500 குடும்பங்களோடு சோதனையாகத் தொடங்கிய உதவித்தொகை லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு விரிந்தது. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு இல்லங்கள் நிரம்பி வழிந்த ருவாண்டா, 2012-இல் பிள்ளைகளைக் குடும்பங்களுக்குத் திருப்பும் தேசியத் திட்டத்தை எடுத்தது. உறவினர் இல்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பங்களைத் தேடி, கூடவே சமூகப் பணியாளர்களையும் அமர்த்தியது. நம்மைவிட ஏழையான ஒரு நாடு இதைச் செய்திருக்கிறது.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதை மட்டும் செய்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களிடம் இல்லப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பும்படி கூறியது. காலக்கெடு 100 நாள். அந்த எட்டு மாநிலங்களில்தான் நாட்டின் இல்லப் பிள்ளைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இருந்தார்கள். குழந்தை உரிமைக்காக உழைத்தவர்களே அந்த அவசரத்தை எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சரி. வீட்டில் எந்தக் காரணத்தால் பிள்ளை வெளியேறியதோ அந்தக் காரணம் அப்படியே இருக்கும்போது கெடு வைத்து அனுப்புவது பாதுகாப்பாகாது. அடி, வன்முறை, பாலியல் துன்பம் உள்ள வீட்டுக்கு எந்தப் பிள்ளையும் திரும்பக் கூடாது. அவர்களுக்கு நல்ல இல்லம் வேண்டும், என்றும் வேண்டும்.

ஆகவே ஆட்சியரிடம் வைக்கும் கோரிக்கை இல்லங்களை மூடச் சொல்வது அல்ல. உரிமம் புதுப்பிக்கும்போது கட்டிடம், கழிப்பறை, தீயணைப்புச் சான்று கேட்கப்படுவதைப் போல, எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள், அவள் எங்கே இருக்கிறாள், பிள்ளை வீடு திரும்ப அவளுக்கு எது குறைகிறது என்பதும் பிள்ளைவாரியாகக் கேட்கப்பட வேண்டும். பதில்களைச் சேர்த்தாலே எந்தத் தெருவுக்கு மாலை மையம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, 5 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். அதன் ஏழாவது அட்டவணை 'பெண்களுக்கும் அநாதைகளுக்கும் இல்லங்கள், விடுதிகள் அமைப்பது' என்று சொல்லியிருப்பதால் நிறுவனங்களின் கண் கட்டிடத்தின் மீதே போகிறது. அதே அட்டவணையில் கல்வியும் வறுமை ஒழிப்பும் இருக்கின்றன. மாலை மையமும் சமூகப் பணியாளரின் சம்பளமும் அவற்றுக்குள் அடங்கும். மாவட்ட நிர்வாகம் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனங்களை அழைத்துப் பேசினால் பணம் வரும். கரும்பலகையில் காலியாகக் கிடக்கும் செவ்வாய், புதன்களுக்கும் அப்போது ஒரு வழி பிறக்கும்: அப்பாவின் நினைவு நாளுக்கு ஒரு மாலை மையத்தின் ஒரு மாதப் பால் செலவை ஏற்க விரும்பும் வீடுகள் இந்த ஊர்களில் நிச்சயம் இருக்கின்றன.

செங்கல் சூளைப் பிள்ளைகள் இந்த ஏற்பாடு எதிலும் வரமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மேற்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பகுதிகளிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு வருகிறார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் என்பதால் பிள்ளையின் கையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அப்பா கல் அறுக்க, அம்மா மண் பிசைய, எட்டு வயதுப் பிள்ளை காயும் பச்சைக்கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடும்; கல் கனத்துக்குக் கை நடுங்கினால் விளிம்பு உடைந்துவிடும், உடைந்த கல் கூலியில் சேராது. 2011-இல் இந்த மாவட்டத்தின் ஒரே சூளையிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டார்கள். அதன் பிறகு ஒடியா பாடப்புத்தகங்களும் ஆசிரியர்களும் வரவழைக்கப்பட்டுச் சூளையை ஒட்டிப் பள்ளிகள் நடந்தன. இந்தியாவிலேயே பாராட்டத்தக்க முயற்சி அது. ஒவ்வொரு சூளைப் பருவமும் தொடங்கும் முன்பே அதற்கான ஆசிரியரும் இடமும் தயாராக இருக்க வேண்டும். ஜனவரியில் வந்த பிள்ளைக்கு ஏப்ரலில் பள்ளி திறந்து பயனில்லை.

மிச்சம் இருப்பது எல்லைச் சிக்கல். 2018-இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரில் நின்றன. வேலை அம்பத்தூரில், குடித்தனம் ஆவடியில் என்பது இங்கே சாதாரணம். வாடகை ஏறினால் கொரட்டூரிலிருந்து திருமுல்லைவாயலுக்கு வீடு மாறுகிறார்கள். தொலைவு சில கிலோமீட்டர், ஆனால் குழந்தைகள் நலக் குழு வேறு, பாதுகாப்பு அலகு வேறு, கோப்பு வேறு. உதவித்தொகை பெறும் பிள்ளை வீடு மாறும்போது கோப்பும் அதே மாதத்தில் மாறும்படி சென்னை, திருவள்ளூர் ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். புது வாசலில் அந்தத் தாய் வருமானச் சான்று, இறப்புச் சான்று, பள்ளிச் சான்று என்று மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.


ஆவடியிலிருந்து