கிட்டார் பயில்வார்க்குச் சிறு ஆம்பிளிபயரே சாலும்

ஒலியின் மிகுதியே இசையின் மிகுதி என்று எண்ணும் மயக்கம் இளைஞர் பலரிடத்தும் காணப்படுகின்றது. எலக்டிரிக் கிட்டார் ஒன்றை வாங்கிய மாணவன், அதன் நரம்புகளைச் சுருதி கூட்டக் கற்குமுன்னரே, எத்தனை வாட்டு ஆம்பிளிபயர் வாங்கலாம் என்று வினவத் தொடங்குகின்றான். நம் கல்லூரி விடுதியிலும் இவ்வினா அடிக்கடி எழுதலின், அதுபற்றிய எம் கருத்தை ஈண்டு வெளியிடத் துணிந்தோம். பயில்வார்க்கு ஏற்றது 9 வோல்ட்டில் இயங்கும் சிறு ஆம்பிளிபயரே. அதனைக் கூடுமானவரை தம் கையாலேயே அமைத்துக்கொள்ளுதல் நன்று. பணம் செலவிடுமிடத்து வாட்டின் பொருட்டன்றி ஸ்பீக்கரின் பொருட்டே செலவிடல் வேண்டும். இம்மூன்றுமே எம் துணிபு.

எலக்டிரிக் கிட்டாரின் உடல் பெரும்பாலும் திண்ணிய மரக்கட்டையாதலின், வீணையின் குடம்போல ஒலியைப் பெருக்கித் தருவதில்லை. எஃகு நரம்பு அதிரும்போது, அதன்கீழுள்ள பிக்கப்பின் காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளில் சிறியதொரு மின்னழுத்தம் எழுகின்றது. அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பார் வகுத்து, ரிக்கன்பாக்கர் என்பாருடன் 1932-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த 'வாணலி' என்னும் பட்டப்பெயருடைய கிட்டாரும் இம்முறையிலேயே இயங்கிற்று. அம்மின்னழுத்தம் பொதுவாக ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவினதே. ஆதலின் ஆம்பிளிபயர் இன்றி இக்கருவி பாதி ஊமையேயாம். எத்தகைய ஆம்பிளிபயர் வேண்டும் என்பதே வினா.

முதற்கண் உயிர்க் காப்பைக் கருதுவோம். வால்வு ஆம்பிளிபயரின் ஓசையினிமையை யாம் மறுப்பேமல்லேம். ஆயினும், அதனைத் தாமே செய்யப் புகும் மாணவர் ஒன்றை உணர்தல் வேண்டும். ஃபெண்டர் கம்பெனியார் 1950-ஆம் ஆண்டுகளில் செய்துவந்த சாம்ப் என்னும் சிறு ஆம்பிளிபயர் 5 வாட்டளவினதே. எனினும் அதனகத்தே 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. சுவிச்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின்னரும், அத்தகைய பெட்டியின் கபாசிட்டர்களில் உயிரைக் கொள்ளவல்ல மின்சாரம் தங்கியிருத்தல் கூடும். அறைத் தோழன் உறங்கும் இரவில், தனித்திருந்து ஆராயும் இளைஞனுக்கு இஃது ஏற்ற பள்ளிக்கூடமன்று. ஒன்பது வோல்ட்டிலோ, பிழை செய்தால் சில்லு வேகும். பிழை செய்தவன் பிழைப்பான். கற்பவன் தவறுதல் இயல்பாதலின், தவறுக்கு இடந்தரும் கருவியே அவனுக்கு ஆசிரியனாகும்.

இனி, இத்துணைச் சிறு கருவி போதுமோ எனின், கணக்கிட்டுக் காண்க. எல்.எம். 386 என்னும் எட்டுக்கால் சில்லு, 9 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ அரை வாட்டு தரும். அரை வாட்டா என்று நகைப்பாரும் உளர். ஆனால் செவி வாட்டைக் கேட்பதில்லை. ஸ்பீக்கர் அசைக்கும் காற்றையே கேட்கின்றது. ஒரு வாட்டைப் பெற்று, ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் ஒலிக்கும் ஸ்பீக்கரும் உண்டு. 96 டெசிபல் ஒலிக்கும் ஸ்பீக்கரும் உண்டு. இப்பத்து டெசிபல் வேற்றுமையை வாட்டினால் ஈடுசெய்யப் புகின் ஆற்றலைப் பத்து மடங்காக்கல் வேண்டும். ஆதலின் அரை வாட்டைப் பெற்ற நல்ல ஸ்பீக்கர், ஐந்து வாட்டைப் பெற்ற எளிய ஸ்பீக்கருக்கு நிகராக ஒலிக்கும். உள்ளங்கையளவினதாகிய இரண்டங்குல ஸ்பீக்கரை வைத்துவிட்டுச் சில்லைப் பழிப்பவர், கூடு சிறிதென்று அறியாது குயிலைப் பழிப்பவரே யாவர்.

ஸ்பீக்கரை வெறுமனே மேசைமேல் வைத்துக் கேட்டலும் தவறு. அதன் முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் ஒன்றையொன்று அழிக்குமாதலின், தாழ்ந்த சுரங்கள் மெலிந்துபோம். எட்டங்குல ஸ்பீக்கர் ஒன்றை ஒட்டுப்பலகைப் பெட்டியில் இறுகப் பொருத்தின், அதே அரை வாட்டு வேறொரு குரலிற் பேசக் காணலாம். தச்சரிடம் இதற்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

கையாற் செய்வார்க்கு எம் பட்டறிவிற் சில கூறுவோம். எல்.எம். 386 இயல்பாக 20 மடங்கு பெருக்கும்; அதன் முதற்காலையும் எட்டாங்காலையும் 10 மைக்ரோபாரட் கபாசிட்டரால் இணைப்பின் 200 மடங்கு பெருக்கும். இருபதில் ஒலி தெளிவாயிருக்கும். இருநூறில் அலையின் முகடுகள் வெட்டுண்டு, ராக் இசைக்காரர் விரும்பும் கரகரப்பு எழும். பிக்கப்பை நேரே சில்லோடு இணைத்தல் நன்றன்று. சில்லின் உள்வாயில் 50,000 ஓம் அளவினதேயாகலின் பிக்கப்புக்குச் சுமையாகி, உச்ச சுரங்களின் ஒளி மழுங்கும். இடையே எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் ஒன்றை அமைத்து, உள்வாயிலைப் பத்து லட்சம் ஓமாக உயர்த்தல் வேண்டும்.

யாம் முதன்முறை செய்தபோது, வெளிவாயிலில் வைக்கவேண்டிய 10 ஓம் ரெசிஸ்டரையும் அதனோடு தொடரும் சிறு கபாசிட்டரையும் வேண்டாதன என்றெண்ணி விலக்கினோம். மின்வழங்கும் கம்பிகளுக்கிடையே பெரிய கபாசிட்டரும் வைத்தோமில்லை. கிட்டாரைத் தொடுமுன்னரே பெட்டி ஊளையிட்டது. சில்லும் விரல் பொறாதபடி சுட்டது. இரண்டு நாள் வருந்திய பின்னரே, படத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் ஒரு காரணம்பற்றியே நிற்கின்றது என்பதை உணர்ந்தோம். புத்தகத்திற் பலமுறை படித்தும் மனத்திற் பதியாத பாடத்தை அவ்வூளை பதிப்பித்தது. கடையில் வாங்கிய பெட்டி இப்பாடத்தைத் தாராது.

பாட்டரியைப் பற்றியும் ஒரு சொல். சதுரமான 9 வோல்ட்டு பாட்டரி உரக்க வாசிப்பார்க்குச் சில மணி நேரமே உழைக்கும். ஒன்றரை வோல்ட்டு ஆல்கலைன் செல்கள் ஆறினைத் தொடராக அடுக்கின், அதே 9 வோல்ட்டை ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பெறலாம். கைச்செலவு சுருங்கிய மாணவர்க்கு இது சிறிய செய்தியன்று.

செய்ய இயலாதார் வாங்குக, குற்றமில்லை. ஆயின் வாங்குமுன் பெட்டிமேல் அச்சிட்ட வாட்டை நோக்காது ஸ்பீக்கரின் அளவை நோக்குக. ஹெட்போன் துளை உண்டாவென்று பார்க்க. தம் கிட்டாரையே கொண்டுசென்று, ஒலித்திருகைப் பாதிவரை திருப்பி வாசித்துக் கேட்க. முழுதும் திருப்பினாலன்றி இனிமை பிறவாத பெட்டி விடுதிக்கு ஆகாது.

அரங்கில் டிரம் முழக்கத்தோடு போட்டியிட இச்சிறு கருவி உதவுமோ என்று வினவின், உதவாது என்பதை ஒளியாது கூறுவோம். அங்கே பெரிய ஆம்பிளிபயரோ, இச்சிறு பெட்டியின்முன் வைத்த மைக்கோ வேண்டும். ஆனால் ஓராண்டில் அரங்கேறும் நாள்கள் எத்தனை? பயிலும் நாள்கள் எத்தனை? சிலநாள் தேவையை முன்னிட்டுப் பலநாள் வாழ்வை அமைத்தல் அறிவுடைமையன்று. மேலும், அடுத்த அறையில் தேர்வுக்குப் படிப்பவனும் நம் தோழனே; அவன் செவிக்கும் உரிமையுண்டு.

ஆதலின், மாணவ நண்பர்காள், பெரும்பெட்டியை நாடிப் பெற்றோர்க்குக் கடிதம் எழுதுமுன், சில்லொன்றும் நல்ல ஸ்பீக்கரொன்றும் பற்றுக்கோலொன்றும் வாங்குமின். சில்லின் விலை ஒருவேளைச் சிற்றுண்டிக்கு மிகாது. தாம் பற்றவைத்த பெட்டியிலிருந்து முதற்சுரம் எழக் கேட்பவன் அடையும் உவகை, நூறு வாட்டு விலைக்கு வாங்கியவனும் அறியாதது. அச்சுரம் உரத்ததாயிராது; ஆயினும் அது பிறந்த வழியை அவன் அறிவான்.