உதவி ஆளோடு வரட்டும், விலாசத்தோடு அல்ல

"வெளிமாநிலத் தொழிலாளர்" என்றதும் நம் வீடுகளில் ஒரே படம்தான் ஓடும். 2020 ஊரடங்கில் மூட்டை முடிச்சோடு நெடுஞ்சாலையில் நடந்தவர்கள். பீகார், உ.பி., ஒடிசா என்று மாநிலப் பெயர்கள் வரும். தமிழன் அந்தப் படத்தில் வரவே மாட்டான். ஆனால் ஜங்புரா, நிஜாமுதீன் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி வாழ்கிற நம் ஊர்ப் பெண்களைத் தில்லித் தமிழர் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

நானும் பிழைக்க வந்தவன்தான். நான் மாற்றலாகி வந்தபோது ரயில் டிக்கெட், தங்க கெஸ்ட் ஹவுஸ், குடும்பத்துக்கு மெடிக்ளெய்ம், வீட்டு ஒப்பந்தத்துக்கு ஆபீஸ் லெட்டர் எல்லாம் தயாராக இருந்தன. அதே ஜி.டி. எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் வந்தவர்களுக்கு முன்னால் வந்த சித்தப்பாதான் எச்.ஆர்., அவர் குடிசைதான் கெஸ்ட் ஹவுஸ். வித்தியாசம் அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், அரசு உதவித் திட்டங்களுக்கு இன்று பஞ்சம் இல்லை. ஆனால் பலவற்றை ஒரு விலாசத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் தருகிறார்கள். பிழைக்க வந்தவர்களிடம் நிலையாக இல்லாத ஒரே பொருள் அந்த விலாசம்தான்.

மதராஸி கேம்ப் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த அந்தத் தமிழ்க் குடியிருப்பை, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். "வடிகாலை அடைத்தால் வெள்ளம் வராதா? ஆக்கிரமிப்புதானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வடிகாலைத் தூர் வாரத்தான் வேண்டும். நான் இடித்ததைப் பற்றிப் பேசவில்லை, அதற்கு மறுநாளைப் பற்றிப் பேசுகிறேன்.

இடிப்புக்கு முன் அதிகாரிகள் சொன்ன கணக்கு இது: 370 குடிசைகள், மாற்று வீட்டுக்குத் தகுதி 189. தில்லியின் 2015 மறுவாழ்வுக் கொள்கைப்படி, குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அதற்கு வாக்காளர் பட்டியல் மாதிரி ஆதாரமும் வேண்டும். வீட்டு வேலை செய்கிற அம்மாவுக்கு ஓட்டு ஊரில் இருக்கும், ஆதார் இங்கே இருக்கும், மகன் பெயர் இரண்டிலும் இருக்காது. முப்பது வருட உழைப்பு ஒரு காகிதம் இல்லாமல் காணாமல் போகும்.

தகுதி பெற்றவர்களுக்குக் கிடைத்தது நரேலாவில் வீடு. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு நம் வீட்டு அடுப்படியில் நிற்க வேண்டியவர் எத்தனை மணிக்குக் கிளம்புவார்? மூன்று வீட்டு வேலையில் ஒன்று மிஞ்சினால் அதிர்ஷ்டம். பிள்ளைகள் பலர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. சுவர் கிடைத்தது, பிழைப்பும் பள்ளியும் நாற்பது கிலோமீட்டர் பின்னால் நின்றுவிட்டன. ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு சொன்னது, நல்லதுதான். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எது ஊர்?

அடுத்தது மருத்துவம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தில்லி 2025 ஏப்ரலில் சேர்ந்தது. தில்லியில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய். பெரிய தொகை, மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் அந்தப் பணம். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வருவது முட்டி வலி, சோப்புத் தண்ணீரில் வெடித்த கை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை. இதற்கெல்லாம் யாரும் அட்மிட் செய்வதில்லை. புற நோயாளி வரிசையில் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சம்பளம் போகும், அதனால் போகாமலே இருந்துவிடுகிறார்கள். மொழி வேறு. காய்கறி வாங்குகிற ஹிந்தி வேறு, வயிற்று வலியைச் சொல்கிற ஹிந்தி வேறு. புதிதாக வந்தவர்கள் "பேட் மே தர்த்" என்பதோடு நின்றுவிடுவார்கள். எங்கே, எப்போதிருந்து, எப்படி என்று டாக்டர் கேட்டால் பேச்சு வராது.

பாதுகாப்பு என்று பார்த்தால் இன்னும் பரிதாபம். 1979-ல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் காண்டிராக்டர் அழைத்து வந்தவர்களுக்கு மட்டும்தான். 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு தானாக வந்தவர்களையும் சேர்க்கிறது, ஆனால் ஏதாவது நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். நம் வீடு நிறுவனம் இல்லையே! வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னதே 2025 ஜனவரியில்தான். பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டம் வீட்டு வேலை செய்பவர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மாவட்டக் குழுவில் புகார் தரலாம். இது நம் வீட்டுக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொழிற்பயிற்சிக்கு வருவோம். பகலில் வகுப்பு, கூலி கிடையாது என்றால் அன்றாடம் காய்ச்சி எப்படிப் போவார்? இதற்கு வழி அரசுக்கே தெரியும். 2023-ல் வந்த விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் தருகிறார்கள். 18 தொழில்கள் அதில் உண்டு. தையல் உண்டு, சலவை உண்டு, வீட்டு வேலை இல்லை. தில்லியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் எத்தனை குடும்பங்கள் அலைகின்றன! பாத்திரம் தேய்க்கிற பெண்ணுக்கு மூன்று மாதம் முதியோர் பராமரிப்பு சொல்லிக் கொடுத்து, அந்த நாட்களுக்குக் கூலியும் கொடுத்தால் அவர் வருமானம் உயரும், நம் அம்மா அப்பாவுக்கும் ஆள் கிடைக்கும்.

விலாசத்தைப் பார்க்காமல் உதவ முடியும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாட்டில் தமிழ்நாட்டு முன்னுரிமைக் குடும்ப அட்டையை வைத்துத் தில்லிக் கடையில் தானியம் வாங்கலாம், தில்லி விலாசம் கேட்பதில்லை. அரிசிக்கு முடிந்தது மருந்துக்கும் பயிற்சிக்கும் ஏன் முடியாது?

அரசு செய்கிறபோது செய்யட்டும். நம்மால் முடிந்தது எதுவும் இல்லையா? பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றப் பேச்சாளரை விமானத்தில் அழைத்து வருகிற தமிழ்ச் சங்கங்கள் நாட்டில் நிறைய. மாதம் ஒரு ஞாயிறு அந்த அரங்கில் நாலு மேஜை போடலாம். ஒன்றில் இ-ஷ்ரம் பதிவு, ஒன்றில் வாக்காளர் பட்டியல், ஆதார் திருத்தம், ஒன்றில் ஓய்வு பெற்ற தமிழ் டாக்டர், ஒன்றில் வக்கீல். ஹிந்தி நன்றாகத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் முறை வைத்து ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகலாம். செலவு ஒரு பட்டிமன்றத்துக்கு ஆவதைவிடக் குறைவுதான்.

அதுவும் வேண்டாம் என்றால் வீட்டளவில் மூன்று காரியம்: வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, டாக்டரிடம் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருப்பது, "இவர் இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்கிறார்" என்று தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு கடிதம். கடைசியாகச் சொன்னதால் வீடு கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் அவர் இத்தனை காலம் இருந்தார், உழைத்தார் என்பதற்கு ஒரு காகிதமாவது அவர் கையில் இருக்கும்.

பம்பாய், புனே, அகமதாபாத் மக்களே, உங்கள் பக்கம் யாராவது இப்படிச் செய்கிறீர்களா? செய்தால் எப்படி என்று சொல்லுங்கள். இங்கே தொடங்க நாலு மேஜைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.